முழுக்க தாய் ஜாடை: ராயபுரத்துல மாதா சுரூபம் ரிப்பேருக்கு கொடுத்த அனுபவம்

வீட்ல உடஞ்ச சுரூபத்த (மாதா, புனிதர் சிலைய) வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம இருக்கவங்களுக்காக இத எழுதுறேன். சாமியார் ஜெபம் சொல்லி மந்திரிச்ச சுரூபம், குப்பைல போட முடியாது, மண்ணுல புதைச்சிடுங்கன்னு பெரியவங்க சொல்வாங்க, அதுக்கும் மனசு வராது, எங்க வீட்ல எட்டு வருஷம் பரண் மேல பழைய புடவைல சுத்தி அப்படியே கெடந்துச்சு. 2024 பிப்ரவரில தான் ராயபுரத்துல ஒருத்தர்கிட்ட கொடுத்தோம். வேலை எப்படி, எவ்ளோ ஆச்சு, எதெல்லாம் சரியில்ல எல்லாம் சொல்றேன், ஆனா அந்த மனுஷன் சொன்ன ஒரு விஷயத்துக்காக தான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்திருக்கேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

மொதல்ல சுரூபம் பத்தி. ரெண்டடி ஆரோக்கிய மாதா, கைல குழந்தை சேசு (இயேசு தான்), பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். எங்க ஆயா கல்யாணம் ஆன புதுசுல வேளாங்கண்ணி போயி வாங்கி வழி பூரா மடியிலயே வெச்சு கொண்டு வந்தாங்களாம். ஆயாவுக்கு புது ஜெபம் எதுவும் வாயில நுழையாது, கடைசி வரைக்கும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" தான். சாயங்காலம் கோயில் மணி அடிச்சா அடுப்ப சிம்ல வெச்சிட்டு வந்து நின்னு திரிகால ஜெபம் சொல்லிட்டு, மாதா முகத்த ஒரு தரம் பாத்துட்டு, குழந்தையோட கால் கட்டை விரல தொட்டு கண்ணுல ஒத்திப்பாங்க. தினமும். அந்த விரல்ல மட்டும் பெயிண்ட் தேஞ்சு வெள்ளையா தெரியும்.

2015 டிசம்பர்ல சைதாப்பேட்டைல அடையாறு ஓரம் இருந்தவங்களுக்கு நான் ஒண்ணும் புதுசா சொல்ல வேண்டியதில்ல. ராத்திரில தண்ணி ஏறிடுச்சு, நாங்க மொட்டை மாடிக்கு போயிட்டோம், சுரூபம் இருந்த பலகை வரைக்கும் தண்ணி வந்து ரெண்டு நாள் நின்னுச்சு. ஆயா அப்ப உயிரோட இல்ல, இருந்திருந்தா சுரூபத்த தூக்கிட்டு தான் மாடி ஏறியிருப்பாங்கன்னு அம்மா இன்னிக்கும் சொல்லி வருத்தப்படுவாங்க. தண்ணி வடிஞ்சு போயி பாத்தா அடிப்பாகம் ஊறிப்போயி கைல ஒட்டுது, மாதாவோட புடவை மடிப்பு செதில் செதிலா உதிருது, குழந்தையோட வலது கை முழங்கையோட காணோம். சேத்துக்குள்ள தேடினோம், கிடைக்கல.

வாங்கலாமா ரிப்பேர் பண்ணலாமான்னு மொதல்ல ஒரு சுரூபக் கடைக்கு போனேன், பேர் வேணாம். புடவைய பிரிச்சு கூட பாக்கல, "அதெல்லாம் நிக்காதுங்க, ஃபைபர்ல புதுசு எடுத்துக்கோங்க, எட்டாயிரத்து ஐநூறு, தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. ஃபைபர் நல்ல மெட்டீரியல் தான், தப்பு சொல்லல, லேசா இருக்கும், வெளில கெபில (மாதாவுக்கு கட்டற குகை மாதிரி மாடத்துல) வெக்கிறதுக்கெல்லாம் அது தான் சரி. ஆனா அங்க வரிசையா வெச்சிருந்த மாதா எல்லாத்தையும் பாத்தப்ப எனக்கு என்னமோ உறுத்துச்சு, என்னன்னு அப்ப சொல்ல தெரியல. மாதா கொஞ்சம் மாநிறம், குழந்தை மட்டும் ரோஸ் கலர், வெளிநாட்டு பொம்மை மாதிரி. பக்கத்து வீட்டு குழந்தைய தூக்கி வெச்சிருக்க மாதிரி இருந்துச்சு. வாங்காம வந்துட்டேன்.

அப்புறம் எங்க அன்பியத்துல (பக்கத்துல இருக்க கத்தோலிக்க குடும்பங்க கூடற குழுல) ஒரு அக்கா சொல்லி தான் ராயபுரம் போனது. கடைன்னு சொல்ல முடியாது, போர்டு கிடையாது, ஒரு சந்துக்குள்ள தகர ஷீட் போட்ட கூடம், அவரும் அவர் அக்கா பையனும் ரெண்டே பேர். பேரும் நம்பரும் போடாதம்மா, இருக்க வேலைக்கே கை பத்தலன்னு கேட்டுக்கிட்டார், அதனால போடல. தேவைப்பட்டா ராயபுரம் பக்கம் கோயில்ல விசாரிங்க, சுரூபத்துக்கு பெயிண்ட் அடிக்கிறவர்னு கேட்டா காட்டுவாங்க. அறுபது வயசு இருக்கும், அவங்க அப்பாகிட்ட கத்துக்கிட்டது.

புடவைய பிரிச்சதும் அவர் பண்ண மொத வேலை எனக்கு பிடிச்சது. விலை சொல்லல. சுரூபத்த படுக்க வெச்சு அடில விரலால தட்டி தட்டி சத்தம் கேட்டார், எங்க ஊறியிருக்கு எங்க கெட்டியா இருக்குன்னு சாக்பீஸ்ல கோடு போட்டார். உள்ள தேங்கா நார் வெச்சு வார்த்திருக்காங்க, அதனால தான் இவ்ளோ நாள் தாங்கியிருக்கு, இப்ப அவசரத்துக்கு செய்யறதுல நார் வெக்க மாட்டாங்கன்னார். வெயில்ல காய வெக்க கூடாதாம், வெடிச்சிடும், நிழல்ல மூணு வாரம் காயணும், அப்புறம் தான் கை வெப்பேன்னு சொல்லிட்டார். 3,800 சொன்னார், அட்வான்ஸ் ஆயிரம். கடைசில 4,500 ஆச்சு, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

மார்ச் 25க்குள்ள வேணும்னு கேட்டேன். மங்கள வார்த்தை திருநாள், கபிரியேல் சம்மனசு (தேவதூதர்) மாதாவுக்கு சேதி சொன்ன நாள், டிசம்பர் 25க்கு சரியா ஒன்பது மாசம் முன்னாடி. நிறைய பேருக்கு கிறிஸ்துமஸ் தான் பெருசு, எங்க ஆயாவுக்கு இது தான் பெருசு, "பொறந்த நாள ஊரே பாத்துச்சு, உருவான நாள அவ ஒருத்தி தானே பாத்தா"ன்னு சொல்வாங்க. அன்னிக்கு வீட்ல பாயசம் உண்டு. பண்ணிடலாம்மான்னார்.

மூணு வாரம் கழிச்சு போனப்ப சுரூபம் நல்லா காஞ்சு நின்னுச்சு. பழைய பெயிண்ட சுரண்ட ஆரம்பிச்சிருந்தார். மாதாவோட கழுத்துல ஒரு இடம், குழந்தையோட கால்ல ஒரு இடம், ரெண்டையும் உப்புத்தாள் வெச்சு மெதுவா தேச்சு என்ன கூப்பிட்டு காட்டினார். மரத்த வெட்டினா வளையம் தெரியுமே அந்த மாதிரி மூணு அடுக்கு பெயிண்ட். குழந்தைக்கு மேல் அடுக்கு ரோஸ், அதுக்கு கீழயும் ரோஸ் தான் கொஞ்சம் வெளுத்தது. எங்க மாமா ரெண்டு தடவ வெளில கொடுத்து அடிச்சது அது. அடியில இருந்த மொத பெயிண்ட், ஆயா வாங்கினப்ப இருந்தது, நல்ல கோதுமை நிறம், மாதாவுக்கும் அதே, குழந்தைக்கும் அதே.

"பாத்தியாம்மா, மொதல்ல செஞ்சவன் தெரிஞ்சு செஞ்சிருக்கான்"ன்னார். என்ன தெரிஞ்சுன்னு கேட்டேன். அவர் தட்டுல இருந்த ஒரு பீங்கான் கிண்ணத்த எடுத்து காட்டினார், ஓரத்துல சின்னதா உடஞ்சது, அவங்க அப்பா காலத்துது. "எங்கப்பா எனக்கு வெச்ச ஒரே சட்டம் இது. மாதா மேனிக்கும் குழந்தை மேனிக்கும் ஒரே கிண்ணத்துல தான் கலக்கணும். புடவைக்கு நீ எந்த நீலம் வேணா போடு, கிரீடத்துக்கு எந்த தங்கம் வேணா போடு. மேனி மட்டும் ஒரே கலவை, பத்தலன்னா ரெண்டையும் அழிச்சிட்டு புதுசா கலக்கணும். ஏன்னா நமக்கெல்லாம் பாதி அம்மா ஜாடை பாதி அப்பா ஜாடை இருக்கும். சேசுவுக்கு இந்த ஒலகத்துல அப்பா ஜாடைன்னு யாரையும் காட்ட முடியாது. முழுக்க தாய் ஜாடை தான்."

நான் கத்தோலிக்க ஸ்கூல்ல படிச்சேன், ஞாயிறு மறைக்கல்வி பன்னெண்டு வருஷம் போனேன், பூசைல எல்லாரும் சேந்து சொல்ற விசுவாசப் பிரமாணம் ஆயிரக்கணக்குல சொல்லியிருப்பேன், "கன்னி மரியாவிடம் உடல் எடுத்து மனிதர் ஆனார்"னு. உடல் எடுத்துன்னா என்ன, எங்கருந்து எடுத்தார், அந்த வார்த்தைய ஒரு தடவ கூட நின்னு கேட்டதில்ல. தகர ஷீட்டுக்கு கீழ தின்னர் வாசனைல நின்னுக்கிட்டு தான் அது எனக்குள்ள போச்சு. இயேசுவோட மூக்கு, கண்ணு, மேனி நிறம், ரத்தம், எல்லாம் மாதாகிட்ட இருந்து வந்தது. நாசரேத்துல அவர தெருவுல பாத்தவங்க "அப்படியே மரியா தான்"னு சொல்லியிருப்பாங்க. அந்த கடைல எனக்கு உறுத்தினது என்னன்னு அப்ப தான் புரிஞ்சது, அங்க இருந்த குழந்தைக்கும் தாய்க்கும் சம்பந்தமே இல்ல.

இது ஏதோ ஒரு பெயிண்டரோட சொந்த கற்பனைன்னு நெனச்சுடாதீங்க, திருச்சபையோட ஆரம்ப காலத்துலயே இது பெரிய சண்டை. இரண்டாம் நூற்றாண்டுல வாலந்தீனுஸ்னு ஒருத்தரோட கூட்டம், கடவுள் போயி சதையெல்லாம் எடுப்பாரா, அது அவருக்கு அசிங்கம், அதனால மரியா வழியா வந்தார் ஆனா மரியாகிட்ட இருந்து எதுவும் எடுத்துக்கல, குழாய்ல தண்ணி போற மாதிரி வந்தார்னு சொன்னாங்க. லியோன் ஆயரா (பிஷப்பா) இருந்த புனித இரேனேயுஸ் அத எடுத்து எழுதி மறுக்கிறார். மரியாகிட்ட இருந்து எதுவும் எடுக்கலன்னா இயேசு நெஜமா மனுஷனே இல்ல, மனுஷன் இல்லன்னா சாப்பிட்டதும் பசிச்சதும் அழுததும் சிலுவைல செத்ததும் எல்லாம் வேஷம் ஆயிடும். குழாய் தண்ணிக்கு குழாயோட ஜாடை வராது. புள்ளைக்கு தாய் ஜாடை வரும். அப்புறம் 431ல எபேசு சங்கம், அதாவது ஆயர்கள் கூடி முடிவெடுத்த சபை, அங்க கேள்வி வேற மாதிரி வந்துச்சு. நெஸ்தோரியுஸ், கான்ஸ்டான்டிநோபிள் ஆயர், மரியாவ கிறிஸ்துவின் தாய்னு சொல்லுங்க, கடவுளின் தாய்னு சொல்லாதீங்கன்னார். அலெக்சாந்திரியா சிரில் விடல. பெத்தது ஒரு ஆள, ஒரு உடம்ப மட்டும் இல்ல, அந்த ஆள் யார், கடவுளோட மகன், அப்ப அவங்க இறைவனின் தாய். சங்கம் அதயே முடிவு பண்ணதும் எபேசு ஜனங்க ராத்திரில தீப்பந்தம் புடிச்சுக்கிட்டு ஆயர்கள அவங்க தங்கின இடம் வரைக்கும் கொண்டு போயி விட்டாங்களாம், சிரிலே கடிதத்துல எழுதியிருக்கார். எங்க ஆயா சொன்ன "சர்வேசுரனுடைய மாதாவே"ங்கற வார்த்தைக்கு பின்னாடி இவ்ளோ இருக்கு.

இத பத்தி ஆபீஸ்ல என் கூட வேலை செய்யற ஒரு ஃப்ரெண்ட்கிட்ட பேசினேன், அவ பெந்தெகொஸ்தே சபை, நல்லா பைபிள் படிக்கறவ. மரியா நல்லவங்க தான் டி, ஆனா அவங்க ஒரு பாத்திரம் தானே, கர்த்தர் உபயோகிச்சார், அவ்ளோ தானே, எதுக்கு சிலைன்னா. அவ மனசார தான் கேட்டா, நானும் மனசார தான் சொன்னேன். உங்க பைபிள்ல யோவான் 1:14 "அந்த வார்த்தை மாம்சமாகி"ன்னு இருக்கு, எங்க புது மொழிபெயர்ப்புல "மனிதர் ஆனார்"னு இருக்கு, எனக்கு உங்களது தான் இன்னும் பிடிக்குது, ஏன்னா மாம்சம்னு சொன்னா உடனே ஒரு கேள்வி வரும், அந்த மாம்சம் யாருது? பாத்திரத்துல சோறு வெச்சா சோறு பாத்திரத்துல இருந்து உருவாகாது. புள்ள தாயோட உடம்புல இருந்து உருவாகுது. அவங்க சம்மதம் சொன்னாங்க, "உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்"னு, ஒரு பாத்திரத்துகிட்ட யாரும் சம்மதம் கேக்க மாட்டாங்க. அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சிலைய பத்தி கேட்டா. நான் சொன்னேன், ஆராதனை கடவுளுக்கு மட்டும் தான், மாதாவுக்கு வணக்கம், அது எங்க சின்ன குறிப்பிடம் (சின்ன புள்ளைங்க மறைக்கல்வி புஸ்தகம்) படிச்ச புள்ளைக்கு கூட தெரியும், 787ல நிசேயால கூடின ரெண்டாவது சங்கம் சுரூபத்துக்கு செய்யற மரியாதை அது யாரோட உருவமோ அவங்களுக்கு போகுதுன்னு தெளிவா சொல்லிச்சு. அதுக்கு முன்னாடியே தமஸ்கு யோவான் சொன்ன நியாயம் எனக்கு ரொம்ப பிடிக்கும், கண்ணுக்கு தெரியாத கடவுள யாரும் வரைய முடியாது தான், ஆனா அவரே உடம்பெடுத்து கண்ணுக்கு தெரியற மாதிரி வந்துட்டாரே, வந்தவர வரையலாம். அவ ஒத்துக்கலன்னு தான் நெனைக்கிறேன், ஆனா சுரூபம் ரெடி ஆனதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புன்னா. அனுப்பினேன்.

சரி ரிவ்யூக்கு வரேன். லேட். மார்ச் 23 சனிக்கிழமை போனா கை ஒட்டி புட்டி போட்டு பிரைமர் அடிச்சு வெள்ளையா நிக்குது, மேனிக்கு நிறமே ஏறல. கூடம் முழுக்க வேற சுரூபம், பாடுபட்ட சுரூபம் ரெண்டு, உயிர்த்த ஆண்டவர் மூணு, எல்லாம் கோயில் வேலை, மறுநாள் குருத்து ஞாயிறு, எல்லாருக்கும் அந்த வாரமே வேணும். முன்னாடியே சொல்லியிருக்கலாம், ஒரு போன் பண்ணியிருக்கலாம், சைதாப்பேட்டைலருந்து ராயபுரம் பக்கமா, எனக்கு கோவம் வந்துடுச்சு, மார்ச் 25க்கு கொடுக்கறேன்னு நீங்க தானே சொன்னீங்கன்னு சத்தமா தான் கேட்டேன். அவர் பதிலுக்கு கோவப்படல. "இந்த வருஷம் 25 பெரிய வாரத்து, ஈஸ்டருக்கு முந்தின வாரத்து, திங்கக்கிழமைல விழுதும்மா, திருநாள கோயில்ல ஏப்ரல் 8க்கு தள்ளிட்டாங்க, காலண்டர் பாரு. உனக்கு தேதி வேணுமா திருநாள் வேணுமா"ன்னார். போயி சாமியார்கிட்ட கேட்டா உண்மை தான். பெரிய வாரத்துலயோ பாஸ்கா எண்கிழமைலயோ (ஈஸ்டர்லருந்து எட்டு நாள்) அந்த திருநாள் விழுந்தா, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு முடிஞ்சு வர்ற திங்கக்கிழமைக்கு மாத்திடுவாங்க, 2024ல அது ஏப்ரல் 8. எனக்கு இது தெரியல, அவருக்கு தெரிஞ்சிருக்கு. இருந்தாலும் லேட் லேட் தான், தேதி சொன்னா அதுல நாலு வாரம் கூட்டி வெச்சுக்கோங்க, தவக்காலத்துலயும் ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்கு முன்னாடியும் கொடுக்காதீங்க.

அன்னிக்கு தான் இன்னொண்ணும் கேட்டார். குழந்தையோட கால் கட்டை விரல்ல பெயிண்ட் மட்டும் இல்ல, பிளாஸ்டரே லேசா குழிஞ்சிருக்கு, "யாரோ ரொம்ப வருஷம் தொட்டிருக்காங்க, புட்டி போட்டு நிரப்பவா, அப்படியே விடவா?" நான் அங்கருந்தே அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா கொஞ்சம் அழுதாங்க. அப்புறம் குழி அப்படியே இருக்கட்டும், நிறம் மட்டும் அடிக்க சொல்லுன்னாங்க.

போறப்ப அவர் பரங்கிமலை போயிருக்கியான்னு கேட்டார், சின்ன வயசுல போனது. போயி பாரு, அங்க இருக்க கோயில் எந்த மாதா பேர்லன்னு கவனிச்சு பாருன்னார். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் பொண்ண கூட்டிட்டு போனேன். மேல இருக்க கோயில் 1523ல போர்ச்சுக்கீசியர் கட்டினது, பிரசவத்துக்கு காத்துக்கிட்டிருக்க மாதா பேர்ல, திருநாள் டிசம்பர் 18, கிறிஸ்துமஸ்க்கு சரியா ஒரு வாரம் முன்னாடி. நெறமாசமா இருக்க ஒரு பொண்ணோட பேர்ல நம்ம ஊர்ல ஐநூறு வருஷமா ஒரு கோயில் இருக்கு, நான் அத வெறும் வியூ பாக்கற இடமா தான் நெனச்சிருந்தேன். அங்க தான் தோமையார் ரத்தம் சிந்தி செத்தார்னு நம்ம பாரம்பரியம், அவர அடக்கம் பண்ணது சாந்தோம்ல. தோமையார் யார், உயிர்த்த இயேசுவோட காயத்த தொட்டு பாத்தா தான் நம்புவேன்னு சொன்ன சீடர். அந்த பன்னெண்டு சீடர்கள்ல நம்ம ஊருக்கு வந்து சேந்தது அந்த சதைய தொட்டு பாக்கணும்னு கேட்டவர் தான். அவர் தொடணும்னு கேட்டது யாரோட உடம்பு, மரியா கொடுத்த உடம்பு. மலை மேல காத்துல நின்னு இத என் பொண்ணுக்கு சொன்னேன், ஆயாவும் அதனால தான் விரல தொட்டாங்களான்னு அவ திருப்பி கேட்டா. அப்ப ஒம்போது வயசு அவளுக்கு.

அங்கருந்து வர்ற வழில மயிலாப்பூர் லஸ் கோயிலுக்கும் போனோம், நம்ம ஜனங்க காட்டுக்கோயில்னு சொல்றது, பிரகாச மாதா, கல்வெட்டுல 1516னு வருஷம் இருக்கு. அதுக்கு தனியா எழுதணும், இங்க வேணாம்.

ஏப்ரல் 6 சனிக்கிழமை சுரூபம் கைக்கு வந்துச்சு. இப்ப வேலையோட தரம். கை ஒட்டினது எங்கன்னு தேடினாலும் தெரியல, விரல் ரெண்டு நீட்டி ஆசீர்வதிக்கிற மாதிரி, எங்ககிட்ட பழைய போட்டோ ஒண்ணு இருந்துச்சு, அத பாத்து அதே சாய்வுல செஞ்சிருக்கார். உங்ககிட்டயும் பழைய போட்டோ இருந்தா கண்டிப்பா எடுத்துட்டு போங்க. அடிப்பாகம் ஊறினத முழுசா வெட்டி எடுத்துட்டு புதுசா வார்த்து உள்ள கம்பி வெச்சிருக்கார், அதுக்கு தான் அந்த கூட எழுநூறு ரூபா, கேட்டப்ப கம்பிய காட்டினார், எனக்கு நியாயமா பட்டுச்சு. புடவை பார்டர்ல ஜரிகை கோடு பிரஷ்ல போட்டது, ஸ்டிக்கர் இல்ல. கண்ண கடைசியா தான் எழுதுவாராம், எழுதறப்ப பேச மாட்டார், பையன் ரேடியோவ அணைச்சிடுவான், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டு தான் பிரஷ்ஷ வெப்பேன்னார். மாதாவோட கண்ணு லேசா கீழ குழந்தைய பாக்குது, முன்னாடி நம்மள பாக்கற மாதிரி இருந்துச்சு, இத நான் கேக்கவே இல்ல, அவரா செஞ்சது, எனக்கு இப்படி இருக்கறது தான் சரின்னு தோணுது.

மேனி நிறம். வெள்ளைல மஞ்சள் காவி, கொஞ்சம் சிவப்பு, ஒரு சொட்டு நீலம்னு கலந்தேன்னார், எனக்கு அந்த கணக்கெல்லாம் புரியாது. மாதா கன்னமும் குழந்தை கன்னமும் பக்கத்து பக்கத்துல இருக்க இடத்துல எது யாரோட மேனின்னு கோடு போட்டு பிரிக்க முடியல. அவ்ளோ தான் சொல்ல தெரியுது.

சரியில்லாதது: கிரீடத்து தங்கம் ரொம்ப பளபளன்னு இருக்கு, கொஞ்சம் மங்கலா இருந்திருக்கலாம். பில் கிடையாது, கேஷ் மட்டும் தான். டெலிவரி கிடையாது, நாங்க ஆட்டோல வைக்கோல் போட்ட அட்டைப்பெட்டில வெச்சு ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொண்ணுக்கும் மூச்ச புடிச்சுக்கிட்டு வந்தோம். கூடத்துல தின்னர் நெடி அதிகம், வீசிங் இருக்கவங்க உள்ள போகாதீங்க, மாஸ்க் போட சொல்லி அந்த பையன்கிட்ட நானே சொல்லிட்டு வந்தேன், ரெண்டு பேருமே போடறதில்ல, அது எனக்கு கவலையா இருக்கு.

ஏப்ரல் 8 சாயங்கால பூசைக்கு சுரூபத்த கோயிலுக்கு கொண்டு போனோம். சாதாரண ஞாயிறுல விசுவாசப் பிரமாணத்துல "உடல் எடுத்து மனிதர் ஆனார்"னு சொல்றப்ப தலை குனிவோம் இல்லையா, வருஷத்துல ரெண்டு நாள் மட்டும் அந்த இடத்துல முழங்கால் போடணும், கிறிஸ்துமஸ்க்கும் மங்கள வார்த்தை திருநாளுக்கும். சாமியார் முன்னாடியே ஞாபகப்படுத்தினார். மொத்த கோயிலும் அந்த ஒரு வரிக்கு கீழ இறங்குச்சு, எங்கம்மாவுக்கு முட்டி வலி, பெஞ்ச புடிச்சுக்கிட்டு அவங்களும் போட்டாங்க. பூசை முடிஞ்சு மந்திரிச்சு கொடுத்தார்.

வீட்ல பழைய இடத்துல தான் வெச்சிருக்கோம், பலகைய மட்டும் ரெண்டடி ஒசத்தி அடிச்சாச்சு. அம்மா ஆயா மாதிரியே பழைய ஜெபம் சொல்றாங்க, பொண்ணு ஸ்கூல்ல கத்துக்கிட்ட புதுசு சொல்றா, ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுறப்ப முன்ன பின்ன போகும், "திருவயிற்றின் கனியாகிய"ன்னு வர்ற இடத்துல ரெண்டு பேரும் ஒண்ணா வந்து சேருவாங்க, அடுத்த வார்த்தைல ஒருத்தர் சேசுன்னும் ஒருத்தி இயேசுன்னும் மறுபடி பிரிஞ்சிடுவாங்க.

அஞ்சுக்கு நாலரை கொடுப்பேன். அரை கொறச்சது போன் பண்ணாததுக்கு. அதே வருஷம் ஆகஸ்ட்ல அடில புது வார்ப்பும் பழசும் சேர்ற இடத்துல நூல் மாதிரி ஒரு கீறல் விட்டுச்சு, போட்டோ எடுத்து காட்டினேன், பயப்படாதீங்க ஈரம் மாறுறப்ப வர்றது தான், காசு வேணாம் வந்து பாக்கறேன், ஆனா செப்டம்பர் 8 மாதா திருநாள் முடியட்டும்னு சொன்னார்.